வாசலில் கடல், குளிக்க வேறு கரை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வார இறுதிக்கு வீடு எடுக்கிறவர்கள் உரிமையாளரிடம் முதலில் கேட்பது, கடல் தெரியுமா என்றுதான். படுக்கையறையிலிருந்து தெரியும், மாடியிலிருந்து தெரியும், நீச்சல்குளத்தில் மிதந்தபடியே தெரியும் என்று பதில் வரும். கூடவே படங்களும் வரும். பிள்ளைகளோடு போகிறவர்கள் கேட்க வேண்டியது வேறு: தெரிகிற கடலில் இறங்கலாமா? நீலாங்கரையிலிருந்து மாமல்லபுரம் வரை உள்ள பெரும்பாலான வீடுகளுக்கு நேர்மையான பதில், வேண்டாம் என்பதே. வாசலில் இருப்பது பார்ப்பதற்கும் காற்று வாங்குவதற்குமான கடல். குளிக்கவும் விளையாடவும் தனியாக ஒரு கரையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அதற்காக வெகுதூரம் போக வேண்டியதில்லை. எங்கே, எந்த மாதம், எத்தனை மணிக்கு என்று தெரிந்தால் போதும்.

இந்தக் கடலின் குணம்

கோவாவில் இடுப்பளவுத் தண்ணீரில் வெகுதூரம் நடந்து பழகியவர்கள் இங்கே வந்ததும் ஏமாந்துபோவார்கள். சென்னைக்குத் தெற்கே கரை சட்டென்று சரியும். சில அடிகளிலேயே தண்ணீர் முழங்காலைத் தாண்டி மார்புக்கு வந்துவிடும். அலை தூரத்தில் உடைந்து நுரையாக வந்து சேராமல், பல இடங்களில் கரையின் மேலேயே விழுந்து உடைகிறது. அப்படி விழும் அலை பெரியவர்களையே புரட்டிப் போடும். திரும்பிப் போகும் தண்ணீர் காலடி மணலையும் சேர்த்து வாரிக்கொண்டு போகும். ஓத ஏற்ற இறக்கம் இங்கே பெரும்பாலும் ஒரு மீட்டர் அளவுக்குள்தான். கடல் வாங்கியதும் பரந்த மணல்வெளி தெரிந்து பிள்ளைகள் ஓடி விளையாடுவது போன்ற காட்சியை எதிர்பார்க்க வேண்டாம்.

மணலும் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஏறக்குறைய மார்ச் முதல் அக்டோபர் வரை அலையும் நீரோட்டமும் அதை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் அது தெற்கே திரும்புகிறது. ஆகஸ்டில் படம் எடுத்து விளம்பரத்தில் போட்ட அகலமான கரை, டிசம்பரில் கருங்கல் தடுப்புச் சுவராக மட்டும் மிஞ்சியிருக்கலாம். முன்பணம் கட்டும் முன் கூகுள் எர்த்தில் அந்த வீட்டைத் தேடி, பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பாருங்கள். உரிமையாளரிடம் பத்துக் கேள்வி கேட்பதைவிட இது தெளிவாகச் சொல்லும்.

ஆபத்து என்றால் பலரும் அலையைத்தான் நினைக்கிறார்கள். உண்மையில் ஆளைக் கொண்டுபோவது இழுப்பு. அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் எங்காவது ஓரிடத்தில் வழி கண்டுபிடித்துக் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். அந்த வழியில் நின்றால் நல்ல நீச்சல்காரரையும் அது உள்ளே கொண்டுபோகும். இழுப்பு இருக்கும் இடம் பார்வைக்குச் சாதுவாக இருப்பதுதான் இதில் உள்ள விபரீதம். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல், கருத்து, சலசலவென்று இருக்கும். 'இங்கே அலையே இல்லை' என்று குடும்பங்கள் பிள்ளைகளை இறக்கிவிடுவது பெரும்பாலும் அங்கேதான். கல் தடுப்புகளின் ஓரம், முகத்துவாரம், பாறைக்கு அருகில் ஆகிய இடங்களில் இழுப்பு ஏறக்குறைய நிரந்தரம்.

மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. அதில் களைத்துப்போவதால்தான் பலர் மூழ்குகிறார்கள். மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்கிக்கொண்டு, கையை உயர்த்திக் காட்ட வேண்டும். இழுப்பின் அகலம் அதிகமிராது. முடிந்தவர்கள் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து, அலையோடு கரை சேரலாம். காப்பாற்றப் போகிறேன் என்று ஒருவர் பின் ஒருவராகக் குதித்து ஒரே குடும்பத்தில் மூன்று பேர் போன செய்திகளை நாம் படித்திருக்கிறோம். குதிக்காதீர்கள், எறியுங்கள். வாடகை வீடு எல்லாவற்றிலும் 20 லிட்டர் தண்ணீர் கேன் காலியாகக் கிடக்கும். மூடியை இறுக்கி, பிடியில் நீளமான கயிற்றைக் கட்டிக் கடற்கரைக்குப் போகும்போது எடுத்துப் போங்கள். ஒருவரின் தலையைத் தண்ணீருக்கு மேல் வைக்க அது போதும். அவசர அழைப்புக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. மூன்றையும் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்னரே கைபேசியில் பதிந்துவைப்பது நல்லது.

காற்றைப் பார்த்து நேரம் வைப்பது

கோடையில் காலை பத்து மணி வரை இந்தக் கடல் ஒரு மாதிரி, நடுப்பகலுக்குப் பிறகு வேறு மாதிரி. நிலம் சூடேறியதும் கடற்காற்று உள்ளே வரத் தொடங்கும். சிற்றலைகள் கிளம்பித் தண்ணீர் கலங்கும். துடுப்புப் படகோ நின்றபடி துடுப்புப் போடும் பலகையோ வேண்டுமானால் விடிந்ததும் போய் ஒன்பது மணிக்குள் முடித்துவிட வேண்டும். மாலை நாலரைக்கு மேல் வீடுகளின் நிழல் மணலில் விழும். மணல்வீடு கட்டுகிற வயதுப் பிள்ளைகளுக்கு அதுதான் நேரம். இடைப்பட்ட பொழுதில் வீட்டுக்குள் இருப்பது உத்தமம். மே மாதத்து நண்பகல் மணலில் செருப்பில்லாமல் நடக்க முடியாது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஒரு எச்சரிக்கை. அந்த மாதங்களில் காலையில் காற்று மேற்கிலிருந்து, அதாவது தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கடலின் மேல்பரப்பு இஸ்திரி போட்டதுபோல் இருக்கும், அலைச்சறுக்குக்காரர்கள் கொண்டாடுவார்கள். காற்றடைத்த வளையம், வாத்து, மெத்தை ஆகியவற்றில் குழந்தையை உட்காரவைத்தவர்களுக்கோ அதே காற்று எமன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளையம் ஆழத்துக்கு நகர்ந்துவிடும். வளையமும் வாத்தும் நீச்சல்குளத்துக்கு மட்டுமே. கடலுக்கு என்றால் குழந்தையின் எடைக்குப் பொருந்துகிற, கால்களுக்கு இடையில் பட்டை உள்ள மிதவை அங்கி. அதோடு கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர். அந்தப் பெரியவர் கையில் கைபேசி இருக்கக் கூடாது.

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வாடைக்காற்றும் மழையும். புயல் சின்னம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குளிக்க ஏற்ற கடல் அல்ல அது. வீட்டு வாடகை குறையும், கூட்டம் இராது, மழையில் கடலைப் பார்த்துக்கொண்டு பஜ்ஜி தின்னலாம் என்றால் தாராளமாகப் போங்கள். குடும்பத்தோடு நீரில் இறங்க ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை உள்ள மாதங்களையே நான் சொல்வேன்: அலை சிறிது, வெயில் தாங்கக்கூடியது. எந்த மாதமானாலும் கிளம்பும் முன்னால் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல் எச்சரிக்கையைப் பார்த்துவிடுங்கள். உயர் அலை எச்சரிக்கை இருந்தால் அன்றைக்கு நீச்சல்குளம்தான்.

எந்தக் கரை எதற்கு

நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், அக்கரை, பனையூர் வரை உள்ள வீடுகளை நகர வீடுகள் என்றே கொள்ளலாம். சாப்பாடு வாசலுக்கு வந்துவிடும், மருத்துவமனை பக்கம், பாட்டி தாத்தாவை அழைத்துப் போகத் தோது. கடல் மட்டும் குளிக்க உகந்ததல்ல. அதிகாலையில் மணலில் நடந்துவிட்டுத் திரும்புங்கள்.

உத்தண்டிச் சுங்கச்சாவடியைத் தாண்டிக் கானாத்தூர் கடந்தால் முட்டுக்காடு. பாலத்தின் மேற்கே உப்பங்கழியில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1984 முதல் படகுக் குழாம் நடத்துகிறது. மிதிபடகு, துடுப்புப் படகு, விசைப்படகு என எல்லாம் உண்டு. நீச்சல் தெரியாத வீட்டாருக்கு நீர் விளையாட்டின் முதல் பாடம் இங்கேதான். அலை கிடையாது, மிதவை அங்கி கட்டாயம், கரை எப்போதும் கண்ணெதிரே. பாலத்துக்குக் கிழக்கே முகத்துவாரம் அழகாகத் தெரியும். அங்கே இறங்க வேண்டாம். கோடையில் மணல் அடைத்துக் குட்டைபோல் இருக்கும். திறந்திருக்கும் நாளில் ஓதத்தோடு சேர்ந்து தண்ணீர் உள்ளும் புறமும் பாயும். அருகிலேயே தட்சிணசித்ரா இருக்கிறது. வெயில் நேரத்துக்கு அது நல்ல புகலிடம்.

கோவளம்தான் இந்தக் கரையோரத்தின் நடுநாயகம். 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கரை இது. தமிழ்நாட்டில் அதைப் பெற்ற முதல் கடற்கரையும் இதுவே. டென்மார்க்கிலிருந்து இயங்கும் சுற்றுச்சூழல் கல்வி அறக்கட்டளை, தண்ணீரின் தரம், தூய்மை, பாதுகாப்பு என 33 அளவுகோல்களை வைத்து இந்தச் சான்றைத் தருகிறது. ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். குடும்பத்துக்கு இதன் பொருள் எளிது: உயிர்காப்பாளர் இருக்கிறார், குளிக்கும் பகுதி இதுவென்று அடையாளம் இட்டிருக்கிறது, கழிப்பறை உண்டு, உடை மாற்ற அறை உண்டு. சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் பாதை போட்டிருக்கிறார்கள். பெண் குழந்தைகளோடும் வயதான பெண்களோடும் வருகிறவர்களுக்கு உடை மாற்றும் அறை ஒன்றே போதும், இந்தக் கரையைத் தேர்ந்தெடுக்க. அடையாளமிட்ட பகுதிக்குள் மட்டும் குளியுங்கள். அதைத் தாண்டி நூறடி தள்ளிப் போனால் அது வேறு கடல்.

நீலக்கொடிப் பகுதிக்கு வெளியே கோவளம் ஒரு மீனவ ஊர். தர்காவும் மாதா கோயிலும் அருகருகே இருக்கிற ஊர். இங்கேதான் மீனவ இளைஞர்கள் அலைச்சறுக்கைத் தாங்களே பழகி, ஊர்ப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்து, வெளியூர்க்காரர்களுக்கான பயிற்சிப் பள்ளிகளாக வளர்த்தார்கள். கட்டுமரத்தில் அலையைத் தாண்டிப் பழகிய பரம்பரைக்கு அலையின் கணக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

திருவிடந்தை, வடநெம்மேலி, பட்டிபுலம் பக்கம் பெரிய தோட்ட வீடுகள். சவுக்குத் தோப்பு, ஆளில்லாத மணல், அமைதி. அந்த ஆளில்லாமைதான் குறையும்: கூப்பிட்டால் வர யாரும் இல்லை. இங்கே தங்குகிறவர்கள் குளிக்கக் கோவளத்துக்கு வந்துவிட வேண்டும். 1976-இல் தொடங்கிய முதலைப் பண்ணை வடநெம்மேலியில் இருப்பதால் பிள்ளைகளுக்கு ஒரு காலைப் பொழுது ஓடிவிடும்.

மாமல்லபுரத்தில் ஒத்தவாடைத் தெருவும் மீனவர் குடியிருப்பும் சேர்ந்த பகுதியில் சிறு விடுதிகள், வாடகை அறைகள், அலைச்சறுக்குப் பள்ளிகள். கற்றுக்கொண்டே சில நாள் தங்க நினைக்கும் இளைஞர்களுக்குக் கோவளத்தைவிட இது தோது; செலவும் குறைவு. 2023 ஆகஸ்டில் சர்வதேச அலைச்சறுக்குப் போட்டியும், 2025 ஆகஸ்டில் ஆசிய வாகையர் போட்டியும் இங்கே நடந்தன. ஆசியப் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். ஆகஸ்டில் போட்டி வைக்கிறார்கள் என்றாலே அப்போது அலை பெரிது என்று பொருள். புதிதாகப் பழகுகிறவர்கள் அந்த மாதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். கடற்கரைக் கோயிலை ஒட்டிய நீரில் எந்த மாதமும் இறங்காதீர்கள். பாறையும் கல் தடுப்பும் இழுப்பும் சேர்ந்த இடம் அது. மாசி மகத்தன்று இருளர் குடும்பங்கள் ஊர் ஊராக வந்து இந்த மணலில் கூடாரம் போட்டுக் கன்னியம்மனை வழிபடுவார்கள். அந்த நாளில் கடற்கரை அவர்களுடையது. குளிக்க வராமல், வேடிக்கை பார்க்கவும் கேமராவைத் தூக்கிக்கொண்டு நுழையாமல் இருந்தால் நல்லது. காணும் பொங்கலன்று எந்தக் கரைக்கும் போக வேண்டாம். தடுப்பு கட்டி, காவலர் நின்று, குளிக்கவும் விடமாட்டார்கள்.

இன்னும் தெற்கே ஏறக்குறைய 35 கி.மீ. போனால் முதலியார்குப்பம். அங்கேயும் சுற்றுலாக் கழகத்தின் படகுக் குழாம் உண்டு. கழிமுகத்தில் படகேறி எதிர்க்கரை மணல்திட்டுக்குப் போய் இறங்கலாம். முட்டுக்காட்டுக் கூட்டம் இங்கே இல்லை. ஒருநாள் பயணமாக வைத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.

பலகையும் படகும்

அலைச்சறுக்கு பார்ப்பதற்கு இளைஞர் விளையாட்டு. உண்மையில் நீச்சல் தெரிந்த எட்டு வயதுப் பிள்ளையும் நாற்பது வயது அம்மாவும் ஒரே நாளில் நுரையலையில் எழுந்து நின்றுவிடலாம். முதல் வகுப்பு மணலில்தான் தொடங்கும்: குப்புறப் படுத்து, கையூன்றி, ஒரே வீச்சில் எழுவது. பிறகு இடுப்பளவுத் தண்ணீர். பயிற்றுநர் பின்னால் நின்று சரியான அலை வரும்போது பலகையைத் தள்ளிவிடுவார். பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்தைவிட முக்கியமாகச் சிலவற்றைக் கவனியுங்கள். தொடக்கக்காரர்களுக்கு மெத்தென்ற ஃபோம் பலகை தருகிறார்களா, கடினமான ஃபைபர் பலகையா? கணுக்காலில் கட்டும் கயிறு புதிதாக இருக்கிறதா? ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? இரண்டு மூன்று பேருக்கு மேல் என்றால் வேறு பள்ளி பாருங்கள். அவர் உயிர்காப்புப் பயிற்சி பெற்றவரா? இன்றைக்கு அலை சரியில்லை, நாளைக்கு வாருங்கள் என்று பணத்தை வேண்டாமென்று சொல்கிற பள்ளி கிடைத்தால் அதை விடாதீர்கள்.

வாழைப்பழப் படகும் ஜெட் ஸ்கியும் எனக்கு உவப்பானவை அல்ல. சத்தம் அதிகம், கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. பிள்ளைகள் கேட்டால் மறுக்க முடியாது என்பதும் தெரியும். படகு வேண்டுமென்றே கவிழ்க்கப்படும் என்பதை ஏறும் முன்னால் குழந்தைக்குச் சொல்லிவிடுங்கள். அங்கியின் கொக்கிகளை நீங்களே ஒருமுறை இழுத்துப் பாருங்கள். குளிக்கும் ஆட்களுக்கு நடுவில் ஜெட் ஸ்கி ஓட்டுகிற இடமானால் ஏறவும் வேண்டாம், அங்கே குளிக்கவும் வேண்டாம். பட்டம் கட்டி இழுக்கும் பலகை விளையாட்டு கேட்பவர்கள் இங்கே அலையாமல் ராமேஸ்வரத்துக்குப் போகலாம். காற்றும் ஆழமற்ற தண்ணீரும் அதற்கென்றே அமைந்த இடம் அது.

சொறி கடித்தால், அதாவது ஜெல்லி மீன் பட்டால், தேய்க்கக் கூடாது; குழாய்த் தண்ணீரும் ஊற்றக் கூடாது. கடல்நீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளை இடுக்கியால் எடுத்துவிட்டு, பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டும். மூச்சுத் திணறலோ முகத்தில் வீக்கமோ வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனை.

வீட்டையும் அக்கம்பக்கத்தையும் பற்றி

'தனியார் கடற்கரை' என்று விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம். மணல் எல்லாருக்கும் பொது. வீட்டிலிருந்து நேரே இறங்கும் வழி இருக்கிறது என்பதே அதன் பொருள். அந்த வழிக்குப் பூட்டுப் போட முடிகிற கதவு இருக்கிறதா என்று கேளுங்கள். நீச்சல்குளத்தைச் சுற்றித் தடுப்பு உண்டா என்றும் கேளுங்கள். பெரியவர்கள் சமையலறையில் இருக்கும்போது நாலு வயதுக் குழந்தை போகக்கூடிய இடங்கள் இந்த இரண்டும்தான்.

மணலில் ஃபைபர் படகுகள் நிற்கும் இடம் மீனவர்களின் பணியிடம். அதிகாலையில் படகு கரையேறும் தடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தால், அலையோடு வேகமாக ஏறிவரும் படகை நிறுத்த யாராலும் முடியாது. காய்கிற வலை மேல் நடக்கவும் கூடாது. கொஞ்சம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்; அன்றைய கடலைப் பற்றி இவர்களைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. "இந்தாண்ட எறங்காதீங்க சார், இழுக்குது" என்று ஒருவர் சொன்னால் அதற்கு மேல் விவாதம் வேண்டாம். மீனும் அங்கேயே வாங்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் சிறு படகுகளின் மீன்தான். வகை குறையும், விலை ஏறும், புதுசாக இருக்கும்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை தங்குகிறவர்கள் இரவில் கடல் பக்கத்து விளக்குகளை அணைத்துவிடுங்கள். பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம் அது. ஏறக்குறைய ஒன்றரை மாதம் கழித்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கிப் போகும் இயல்புடையவை. மொட்டைமாடி விளக்கைக் கடலென்று நினைத்துச் சாலைக்கு வந்துவிடும். 1988 முதல் சென்னைக் கரையில் மாணவர்களும் தன்னார்வலர்களும் இரவு முழுக்க நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் பாதுகாக்கிறார்கள். வார இறுதி நடையில் பொதுமக்களும் சேரலாம். பத்து வயதுக்கு மேற்பட்ட, தூக்கத்தை விடத் தயங்காத பிள்ளைகள் இருந்தால் முன்கூட்டியே விசாரித்துவையுங்கள்.

திரும்பும் நேரத்தைக் கடைசியில் யோசிக்க வேண்டாம். ஞாயிறு மாலை ஐந்துக்கு மேல் மாமல்லபுரத்திலிருந்து அக்கரை வரை சாலை நகராது. பின்னிருக்கையில் உப்பும் மணலும் ஒட்டிய பிள்ளைகள் அழத் தொடங்குவார்கள். மதியச் சாப்பாட்டோடு கிளம்பிவிடலாம். விடுப்பு கிடைத்தால் திங்கள் காலைவரை தங்குவது இன்னும் நல்லது; ஞாயிறு இரவுக்குப் பல வீடுகளில் வாடகையைக் குறைப்பார்கள். திங்கள் காலை ஆறு மணிக்குக் கோவளத்தில் ஆட்களும் இருக்க மாட்டார்கள். உயிர்காப்பாளர் வந்துவிட்டாரா என்று பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.